கொட்டும் கொன்றை: இளவேனில் மரத்தை எக்ஸ்பிரஷனிச முறையில் தீட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் தடங்களை ஒட்டி ஓடும் ஒரு நீண்ட மதிலின் ஓரமாக ஒரு சரக்கொன்றை நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. லாரி ஓட்டுநர்கள் அதன் கிளையில் துண்டைக் காயப்போடுவார்கள், விளம்பரக்காரர்கள் அதன் தண்டில் ஆணியடித்துப் பலகை மாட்டுவார்கள். சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆனதும், மேலே அனலும் கீழே டீசல் புகையுமாக இருக்கும் அந்த இடத்தில், இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு மரம் முழுவதும் மஞ்சளாகிவிடும். மதிலுக்கு அப்பால் துருச்சிவப்பும் மங்கிய நீலமுமாகக் கன்டெய்னர் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். இந்தக் காட்சியை 24 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்ட கேன்வாஸில், அக்ரிலிக் வண்ணங்களைக் கொண்டு, எக்ஸ்பிரஷனிச நிலக்காட்சியாக, அதாவது கண்ணில் பட்டதை அப்படியே நகலெடுக்காமல் அது எழுப்பும் உணர்வை முன்வைக்கும் படமாக, தீட்டுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஓரளவு தூரிகை பிடித்துப் பழகியவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன் என்றாலும், முதன்முறையாகப் பெரிய கேன்வாஸில் இறங்குபவர்களும் பின்தொடரலாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு ஓவியங்களில் நாம் பார்த்துப் பழகிய வசந்தம், பனி உருகிய பிறகு வெளிறிய வானத்தின் கீழ் இளஞ்சிவப்பாகப் பூப்பது. நம்முடைய இளவேனில் சித்திரையும் வைகாசியும் ஆகும். கத்திரி வெயில் முழுவதும் அதற்குள்தான் அடக்கம். அந்த மென்மையான இளஞ்சிவப்பைக் கடன் வாங்கி வடசென்னை மரத்தின் மேல் பூசினால், படம் வாழ்த்து அட்டையாகிவிடும். (சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூவாகவே வருகிறது, நம் தெருவில் அது கோடையில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்துக் குழம்பிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். படம் தீட்டுபவருக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் கடமை இல்லை. கண் முன்னால் பூத்திருப்பதைத் தீட்டினால் போதும்.)

எக்ஸ்பிரஷனிசம் நம்மிடம் எதைக் கேட்கிறது

வெளிப்பாட்டுவாதம் என்று தமிழில் எழுதப்படும் இந்தப் பாணிக்கு ஒரு தெளிவான தொடக்கப் புள்ளி உண்டு. 1905-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்த கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ராட்லுஃப், பிளைல் என்னும் நான்கு இளைஞர்கள், ‘பாலம்’ என்று பொருள்படும் ‘டி புரூக்க’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1911-இல் மூனிச்சில் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் ‘நீலக் குதிரைவீரன்’ என்னும் பொருளுள்ள பெயரில் மற்றொரு குழுவை அமைத்தார்கள். இவர்களுக்கு முன்னோடியாக நின்றவர்களுள் ஒருவர் வான்கோ. அவர் 1888 பிப்ரவரியில் தென் ஃபிரான்சின் ஆர்ல் நகருக்குப் போய்ச் சேர்ந்து, அந்த வசந்தத்தில் பூத்த பழத்தோட்டங்களை அடுத்தடுத்துப் பல கேன்வாஸ்களில் தீட்டினார். 1890 பிப்ரவரியில், புதிதாகப் பிறந்த தம்பி மகனுக்காக, நீலப் பின்னணியில் பாதாம் பூங்கிளைகளைத் தீட்டினார்.

வரலாற்றிலிருந்து நமக்குத் தேவைப்படுவன மூன்று. முதலாவது, பொருளின் இயல்பு நிறத்துக்கு ஓவியர் கட்டுப்பட்டவர் இல்லை. தண்டு ஊதாவாகவும் வானம் செங்கல் நிறமாகவும் இருக்கலாம், ஆனால் அந்த மாற்றத்துக்கு ஓர் உணர்வுக் காரணம் இருக்க வேண்டும். இரண்டாவது, தூரிகை போன தடத்தை மறைக்கக் கூடாது. மூன்றாவது, கோடு. கறுத்த, அழுத்தமான புறக்கோடுகள் ஜெர்மானியர்களிடம் மரச்செதுக்கு அச்சுப்படங்களின் பழக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. நமக்கோ கோடு அந்நியமானதே இல்லை. எழும்பூர் ஓவியப் பள்ளியிலிருந்து கிளம்பிய சென்னை ஓவிய இயக்கம், குறிப்பாக 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றியிருந்தவர்கள், கோட்டையே தங்கள் முதல் பலமாகக் கொண்டிருந்தார்கள். வாசலில் கோலம் பார்த்து வளர்ந்த கைக்குக் கோடு பயமில்லை என்பது என் எண்ணம். பயமெல்லாம் நிறத்தில்தான்.

முதல் படி: மரத்தடியில் நிற்பது

கைபேசியில் படம் எடுத்து வந்து வீட்டில் உட்கார்ந்து தீட்டுவதை நான் தடுக்க மாட்டேன். நண்பகலில் தார்ச்சாலையில் நின்று தீட்டச் சொல்வது கொடுமை. ஆனால் குறைந்தது இரண்டு முறையாவது நேரில் போய் நிற்க வேண்டும்; ஒரு முறை காலை ஏழு மணிக்கு முன்பாகவும், மற்றொரு முறை மாலை நான்கரைக்குப் பிறகும் போங்கள். கையில் பென்சிலும் மலிவான நோட்டும் போதும். ‘டி புரூக்க’ ஓவியர்கள் மாடல்களைக் கால் மணி நேரத்துக்கு ஒரு நிலையாக மாறி மாறி நிற்கச் சொல்லி வேகமாக வரைந்து பழகினார்கள். அதே கால் மணிக் கணக்கை மரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் முடிந்ததும் பக்கத்தைத் திருப்பி, சில அடி தள்ளி நின்று, அடுத்ததைத் தொடங்க வேண்டும். நான்கு பக்கம் முடிவதற்குள், கண்ணுக்குப் பிடித்தது எது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சரத்தையாவது கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முழம் நீளத்துக்குத் தொங்கும் அந்தச் சரத்தின் மேற்பகுதியில் பூக்கள் முழுக்க விரிந்து அகலமாக இருக்கும். கீழே வர வர அரைகுறையாக விரிந்தவை. நுனியில் பச்சை கலந்த சிறு மணிகளாக மொட்டுகள். பூ மேலிருந்து கீழாகத்தான் விரிகிறது. ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ். நடுவிலிருந்து மூன்று மகரந்தக் காம்புகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, கொக்கி போல் வளைந்திருக்கும். இதற்கிடையில் பழைய காய்கள், பூவுக்குப் பக்கத்திலேயே கறுத்த குழல்களாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மஞ்சளையும் கறுப்பையும் மரமே அருகருகே வைத்துக் காட்டுகிறது என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு வினைச்சொல்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிறம் எதையும் முடிவு செய்வதற்கு முன், அந்த மரம் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு வினைச்சொல்லில் எழுதுங்கள். ‘அழகாக இருக்கிறது’ என்பது வினையாகாது. அதை வைத்துக்கொண்டு தூரிகையை எந்தத் திசையிலும் நகர்த்த முடியாது. எரிகிறது, தொங்குகிறது, சிரிக்கிறது, வெடிக்கிறது, தாங்குகிறது என்று எழுதிப் பார்த்து, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட வேண்டும். தேர்ந்த சொல் தூரிகைக்குத் திசையும் வேகமும் கொடுக்கும்.

என் கொருக்குப்பேட்டை மரத்துக்கு நான் தேர்ந்த சொல் ‘கொட்டுகிறது’. தமிழில் இந்தச் சொல் ஓவியருக்கு ஒரு கொடை. மழை கொட்டும், பறை கொட்டுவார்கள், தேளும் கொட்டும். கொன்றையைப் பார்த்து நின்றால் மூன்றும் நடக்கிறது: மஞ்சள் மேலிருந்து பொழிகிறது, சரங்கள் ஒரே தாளத்தில் அடுத்தடுத்து விழுகின்றன, வெயில் பட்ட இதழ் கண்ணைக் குத்துகிறது. பூக்களைத் தீட்டும்போது இந்த மூன்று பொருளையும் வரிசையாகப் பயன்படுத்தப் போகிறோம்.

மூன்றாம் படி: பொருள்கள்

சென்னை வெயிலில் அக்ரிலிக் மிக வேகமாக உலர்ந்துவிடும். மெல்லிய பூச்சு சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடுகிறது. எக்ஸ்பிரஷனிசத்துக்கு அது ஒரு விதத்தில் வசதி, ஏனெனில் அடுக்கின் மேல் அடுக்காக உடனே போக முடியும். தட்டில் இருக்கும் வண்ணமும் சேர்ந்தே உலர்ந்துவிடுவதுதான் தொல்லை. மூடியுள்ள சாப்பாட்டு டப்பா ஒன்றில் ஈரத் துணியை மடித்துப் பரப்பி, அதன் மேல் பட்டர் தாளை விரித்து, அதில் வண்ணத்தைப் பிதுக்கிக்கொண்டால் அரைநாள் தாங்கும். தண்ணீர் தெளிக்கும் சிறு ஸ்பிரே பாட்டில் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

வண்ணக் குழாய்கள் எட்டுக்கு மேல் வேண்டாம்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், அடர் கேட்மியம் மஞ்சள், யெல்லோ ஓக்கர், கிரிம்ஸன் சிவப்பு, பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், விரிடியன் பச்சை. கேம்லினின் மாணவர் தர வண்ணங்களே போதும். வெள்ளையை மட்டும் பெரிய குழாயாக வாங்குங்கள். பட்டியலில் கறுப்பு இல்லாதது மறதியால் அன்று. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சமமாகக் கலந்தால் உயிருள்ள ஓர் இருட்டு கிடைக்கும், அதை விருப்பம்போல் குளிர்ச்சியாகவோ சூடாகவோ சாய்த்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய கறுப்பை மஞ்சளோடு சேர்த்தால் பாசிப்பச்சை வரும். என் முதல் கொன்றைப் படத்தில் நிழல் வேண்டும் என்று மஞ்சளில் கறுப்பைக் கலந்து, மரம் முழுவதும் பாசி பிடித்தாற்போல் ஆக்கி, அந்தக் கேன்வாஸின் மேல் வெள்ளை அடித்து வேறு படம் போட்டேன்.

தூரிகைகளில் விறைப்பான முடி கொண்ட தட்டைத் தூரிகை ஒன்றரை அங்குலத்தில் ஒன்றும் முக்கால் அங்குலத்தில் ஒன்றும், எட்டாம் எண் உருளைத் தூரிகை (ரவுண்ட் பிரஷ்) ஒன்றும், நீண்ட மெல்லிய முடியுள்ள கோட்டுத் தூரிகை ஒன்றும் வேண்டும். இவற்றோடு ஒரு பேலட் கத்தி. மென்மையான அணில்முடித் தூரிகைகளை நீர்வண்ணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவை இங்கே தடம் பதிக்காது. பயிற்சிக்குக் கேன்வாஸை வீணாக்க வேண்டியதில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளில் தடித்த அட்டை கிடைக்கும், அதன் மேல் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை ஒரு கை பூசினால் போதும்.

நான்காம் படி: அடித்தளமும் கோடும்

வெள்ளைக் கேன்வாஸில் மஞ்சளைத் தீட்டத் தொடங்கினால் மஞ்சள் தோற்றுவிடும். வெள்ளையைவிட அது எப்போதும் மங்கலாகவே தெரியும். ஆகவே பர்ன்ட் சியன்னாவோடு சிறிது கிரிம்ஸனைச் சேர்த்து, தண்ணீர் விட்டு நீர்த்த செங்கல் நிறமாக்கி, கேன்வாஸ் முழுவதும் பூசி, பழைய துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தூரிகைத் தடங்களுக்கு இடையே இந்தச் செம்மண் சூடு கடைசிவரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலை நான் வேறெங்கும் தீட்டுவதில்லை.

தளம் உலர்ந்ததும், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த அந்தக் கலவை இருட்டை நீர்த்துக்கொண்டு கோட்டுத் தூரிகையால் நேரடியாக வரையுங்கள். பென்சில் வேண்டாம், பென்சிலால் வரைந்தால் பின்னால் அதற்குள் நிறம் நிரப்பும் புத்தி வந்துவிடும். மதிலின் மேல்விளிம்பு கீழிருந்து ஏறத்தாழ நான்கு அங்குல உயரத்தில் குறுக்கே ஓடட்டும். அதற்கு மேல் கன்டெய்னர்கள் மூன்று வரிசையாகக் கிடைமட்டத்தில் அடுக்கப்படட்டும். மரத்தின் தண்டு இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் எழும்பட்டும். அதன் உச்சி கேன்வாஸின் மேல்விளிம்பை முட்டி வெளியே போய்விட வேண்டும். முழு மரத்தையும் சட்டத்துக்குள் அடக்கினால் அது பூந்தொட்டி போல் ஆகிவிடும். மேலிருந்து கொட்டுவது தொடக்கம் தெரியாமல் கொட்டினால்தான் கொட்டுவதாகத் தோன்றும்.

இங்கே துணிந்து மிகைப்படுத்தலாம். நேரில் தண்டு சற்றே சாய்ந்திருந்தால் படத்தில் நன்றாகச் சாயட்டும். ஒரு முழச் சரம் இரண்டு முழமாகட்டும். கன்டெய்னர்களின் நேர்கோடுகளை அளவுகோல் வைத்து வரையாதீர்கள், அவை வெப்பத்தில் நெளிவதாக இருக்கலாம். ஆனால் அவை கிடைமட்டமாகவே இருக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் இரும்பை நின்று விழும் மஞ்சள் வெட்டிப் போவதுதான் இந்தப் படத்தின் கட்டுமானம்.

ஐந்தாம் படி: முதலில் இருட்டு

மஞ்சளைத் தொட இன்னும் நேரம் வரவில்லை. மாணவர்களுக்கு இந்த இடத்தில்தான் கை அரிக்கும். மஞ்சளின் ஒளியில் பாதி, அதைச் சுற்றியுள்ள நிறத்திலிருந்து வருகிறது. ஃபிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல், சாயப் பட்டறையில் நூல்களின் நிறங்கள் ஒன்றை ஒன்று மாற்றிக் காட்டுவதைக் கவனித்து, 1839-இல் நூலாகவே எழுதி வெளியிட்டார். எதிர் நிறங்கள் அருகருகே இருந்தால் இரண்டும் கூடுதலாகச் சுடர்விடும் என்பதே அதன் சாரம். மஞ்சளுக்கு எதிர் ஊதா. எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் மஞ்சள் புடவைக்கு ஊதாக் கரை தேடும் பெண்களுக்கு இந்தச் சங்கதி செவ்ரோல் சொல்லாமலே தெரியும்.

சென்னையின் மே மாத வானம் உண்மையில் வெளிறிப்போன சாம்பல். அதை அப்படியே தீட்டினால் கொன்றை அதில் கரைந்துவிடும். ஆகவே அல்ட்ராமரைனும் கிரிம்ஸனும் கலந்த ஊதாவை எடுத்து, அதன் பகட்டைக் குறைக்க ஒரு துளி ஓக்கர் சேர்த்து, ஒன்றரை அங்குலத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். உச்சியில் அடர்த்தியாகவும், கன்டெய்னர்களை நெருங்க நெருங்க வெள்ளையும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்து புகைபடிந்த இளஞ்சிவப்பாகவும் மாறட்டும். எண்ணூர்ப் பக்கம் அந்தி நேரத்தில் புகைபோக்கிகளுக்குப் பின்னால் தெரியும் நிறத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கலவையை விளக்க வேண்டியதில்லை.

கன்டெய்னர்களுக்குத் துருச்சிவப்பு, மங்கிய நீலம், அழுக்குப் பச்சை என்று மூன்று நிறம் போதும். எல்லாவற்றிலும் வானத்தின் ஊதா சிறிது கலந்திருந்தால் அவை பின்னால் தங்கும். பெட்டிகளின் மேலுள்ள எழுத்துகளை எழுதாதீர்கள். கண் உடனே படிக்கப் போய்விடும், பூ மறந்துபோகும். தண்டுக்கும் கிளைகளுக்கும் அடர் ஊதாவும் விரிடியனும். தண்டின் ஒரு பக்கத்தில் செம்மண் தளத்தையே பூசாமல் விட்டுவிட்டால் வெயில் அங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கட்டத்தில் கைபேசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். பூக்கள் வரப்போகும் இடத்துக்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நடுத்தரச் சாம்பலைவிட இருண்டு தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு கை ஊதா பூசுங்கள்.

ஆறாம் படி: மூன்று கொட்டு

முதல் கொட்டு மழை. லெமன் மஞ்சள் ஒளி ஊடுருவும் தன்மையுள்ளது, இருட்டின் மேல் நேராகப் பூசினால் கலங்கிப் பச்சையாகிவிடும். ஆகவே ஓக்கரில் நிறைய வெள்ளையைக் கலந்து, முக்கால் அங்குலத் தட்டைத் தூரிகையால், பூத்திரள்கள் விழும் இடங்களில் மட்டும் மேலிருந்து கீழாக அகலமாக இழுத்து விடுங்கள். தோளிலிருந்து கையை அசைக்க வேண்டும். மணிக்கட்டால் செய்தால் தடம் சிறுத்துவிடும். இழுப்புகளுக்கு நடுவே வானம் கிழிசல் கிழிசலாகத் தெரியட்டும். இந்த மங்கலான மழை முழுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் கொட்டு பறை. மழை உலர்ந்த பிறகு அடர் கேட்மியம் மஞ்சளைத் தண்ணீர் சேர்க்காமல் எட்டாம் எண் உருளைத் தூரிகையில் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். சரத்தின் தலையில் தூரிகையை அழுத்தி வைத்து, கீழே இழுத்துக்கொண்டே மெதுவாக அழுத்தத்தைக் குறைத்து, நுனியில் தூக்கிவிட வேண்டும். மேலே அகலம், கீழே கூர்மை. மரத்தடியில் நின்று பார்த்த சரத்தின் உருவம் ஒரே அசைவில் கிடைத்துவிடும். ஒரு சரத்துக்கு ஓர் அடி. அதன் மேல் திரும்பப் போகக் கூடாது. இரண்டு நெருக்கமான அடிகள், ஓர் இடைவெளி, ஒரு நீண்ட அடி என்று தாளத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். சம இடைவெளியில் விழுந்தால் அது கல்யாண மண்டபத்துப் பூத்தோரணம் ஆகிவிடும். என்னிடம் பயின்ற ஓர் இளைஞர் வியாசர்பாடிக்காரர், மேளத்தைப் பார்த்து வளர்ந்தவர். வாயால் தாளம் சொல்லிக்கொண்டே தீட்டினார், அந்த வகுப்பில் அவருடைய கொன்றைதான் காற்றில் ஆடியது.

நிழலில் இருக்கும் சரங்களுக்கு மஞ்சளோடு பர்ன்ட் சியன்னாவும், இன்னும் உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு துளி ஊதாவும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் இருக்கும் சரங்களின் நுனியில் லெமன் மஞ்சளில் விரிடியன் சற்றே கலந்த பசுமஞ்சளால் இரண்டொரு மொட்டுப் புள்ளிகள் வைக்கலாம். எல்லாச் சரத்துக்கும் வைக்கப் புறப்பட்டால் பாணியே மாறிப்போகும்.

மூன்றாம் கொட்டு தேள். பேலட் கத்தியின் முனையில் வெள்ளையும் லெமன் மஞ்சளும் கலந்த கெட்டி வண்ணத்தை எடுத்து, வெயில் நேரே படும் ஐந்தாறு இடங்களில் மட்டும் குத்தி எடுங்கள். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் உள்ளங்கை அளவைத் தாண்டக் கூடாது. கொன்றையின் அந்தக் கொக்கிக் காம்புகளை நினைவில் வைத்துக்கொண்டு, கத்தியைத் தூக்கும்போது லேசாக வளைத்துத் தூக்குங்கள். வண்ணம் ஒரு சிறு முள்ளாக எழுந்து நிற்கும். அது உலர்ந்த பிறகும் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழும்.

இதற்கெல்லாம் பிறகுதான் காய்கள் வர வேண்டும். கலவை இருட்டில் கோட்டுத் தூரிகையைத் தோய்த்து, நேர்க்கோடாக, சற்றும் நடுங்காமல், மஞ்சளின் நடுவே எட்டிலிருந்து பத்துக் காய்களைத் தொங்கவிடுங்கள். பூ கொட்டுகிறது, காய் கொட்டுவதில்லை. அது அசையாமல் தொங்குகிறது. மஞ்சளின் வேகம் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஏழாம் படி: தரை

உதிர்ந்த பூக்களைத் தரையில் பளிச்சென்ற மஞ்சளாகப் பரப்புவது எல்லோரும் செய்யும் பிழை. தரையும் மரமும் ஒரே ஒளியில் இருந்தால் மரம் தரையிலிருந்து எழும்பாது. ஓக்கரையும் சாம்பல் ஊதாவையும் மாற்றி மாற்றிக் கிடைமட்டமாகப் பூசுங்கள். நான் பார்த்த காலையில், மரத்தடியில் கிடந்த மஞ்சள் விரிப்பின் குறுக்கே ஒரு டிரெய்லர் போயிருந்தது. சக்கரங்கள் ஏறிய இடத்தில் பூக்கள் நசுங்கிப் பழுப்பேறி, தாரோடு ஒட்டி, இரண்டு தடங்களாகக் கிடந்தன. அந்த இரண்டு தடங்களையும் வலப்பக்கக் கீழ்மூலையிலிருந்து தண்டை நோக்கிச் சாய்வாகக் கொண்டுபோனேன். பார்ப்பவரின் கண் அவற்றின் வழியாகத்தான் படத்துக்குள் நுழைகிறது.

மரத்தின் நிழலுக்குத் தூய ஊதா. அதைப் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இன்னாண்ணே, பூவு மஞ்சாவா கீது, நெழல மட்டும் ஊதாவா அடிச்சிக்கினு கீறீங்கோ?” என்று கேட்டார். மஞ்சளையே சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நிழலைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். “ஆமாண்ணே, கொஞ்சம் ஊதாவாத்தான் தெரிது” என்றவர், கடையில் ஆள் வந்துவிட்டதால் போய்விட்டார். கண் ஒரு நிறத்தில் களைத்தால் அதன் எதிர் நிறத்தைத் தானே வருவித்துக்கொள்ளும். எக்ஸ்பிரஷனிஸ்டுகள் அதைக் கூச்சமில்லாமல் உரக்கச் சொன்னார்கள்.

எட்டாம் படி: நிறுத்துவதும் திருத்துவதும்

படத்தைச் சுவரில் சாய்த்து, எட்டடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். தேர்ந்த வினைச்சொல்லுக்கு எதிராகப் போகும் தடங்கள் அப்போது துருத்திக்கொண்டு தெரியும்: பக்கவாட்டில் பூசிய ஒரு பூத்திரள், தேவையில்லாமல் வட்டமாகச் சுழற்றிய ஒரு கிளை. அவற்றைத் துடைக்க முயலாமல், மேலே வானத்தின் ஊதாவை வைத்து வெட்டிவிடுங்கள். மஞ்சளுக்கு நடுவே வானத்தைத் திரும்பக் கொண்டுவந்து துளையிடுவது, மேலும் மஞ்சள் சேர்ப்பதைவிடப் பல மடங்கு பலன் தரும். படம் சப்பென்று இருப்பதாகத் தோன்றினால் குறை பெரும்பாலும் மஞ்சளில் இருக்காது. பின்னணி போதிய அளவு இருண்டிருக்காது.

புறக்கோடுகளைக் கடைசியில் ஒருமுறை பாருங்கள். தண்டின் நிழல் பக்கத்திலும், மதிலின் மேல்விளிம்பிலும், முன்னால் தொங்கும் இரண்டு மூன்று சரங்களின் ஓரத்திலும் மட்டும் அழுத்தமான கோடு இருக்கட்டும். எல்லாவற்றையும் சுற்றிக் கட்டினால் கண்ணாடி ஓவியம் போல் இறுகிவிடும்.

மரம் மாறினால்

கொன்றை கிடைக்காவிட்டாலும் வடசென்னையில் பூக்கும் மரத்துக்குப் பஞ்சமில்லை. செம்மயிற்கொன்றைக்கு ‘எரிகிறது’ பொருந்தும். அப்போது தடங்கள் கீழிருந்து மேலாகப் போக வேண்டும், வானம் விரிடியன் சாய்ந்த பச்சைநீலமாக வேண்டும். புங்கம் பொரியாக உதிர்க்கும், அதற்குத் தரைதான் முக்கியம். மரத்தைக் கேன்வாஸின் மேல் பாதியிலேயே நிறுத்திவிடலாம். வேம்பு பூப்பது கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரியும். அதைப் பூவாகத் தீட்டவே முடியாது. தண்ணீரில்லாத உலர் தூரிகையில் வெள்ளையையும் பசுமஞ்சளையும் தொட்டு இலைகளின் மேல் காற்றாகத் தேய்த்துவிட வேண்டும். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் திருவொற்றியூர் மகிழமரத்தைத் தீட்ட ஆசைப்படுபவர்களுக்கு எச்சரிக்கை: அதன் பூ சிறியது, இலைக்குள் மறைந்திருப்பது. ‘ஒளிக்கிறது’ என்னும் சொல்லோடு, அடர் பச்சையை வைத்தே முக்கால் படத்தை முடிக்க வேண்டியிருக்கும். நான் இரண்டு முறை முயன்றும் அது எனக்கு இன்னும் வசப்படவில்லை.

முடித்து வைப்பது

கெட்டியாகக் குத்திய இடங்கள் மேலே உலர்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஒரு வாரமாவது நிழலில், காற்றோட்டமான அறையில் வைத்திருங்கள். மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். பிறகு மென்மையான தூரிகையால் தூசு தட்டி, அக்ரிலிக்குக்கு உரிய மினுமினுப்பற்ற வார்னிஷை மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுங்கள். பளபளக்கும் வார்னிஷ் கத்தித் தடங்களில் விளக்கொளியைச் சிதறடித்து மஞ்சளைக் கெடுத்துவிடும். லாரிப் புழுதி படியும் தெருவில் வீடு என்றால் வார்னிஷைத் தவிர்க்கவே கூடாது.

கையெழுத்தை முன்பக்கத்தில் தரையின் ஊதாவுக்குள் சிறிதாக வையுங்கள். கேன்வாஸின் பின்புறத்தில், பென்சிலால் தேதியையும் மரம் நின்ற இடத்தையும் அந்த வினைச்சொல்லையும் எழுதிவையுங்கள். அடுத்த சித்திரையில் அதே மரத்தடிக்குப் போகும்போது, முந்தைய சொல்லைப் படித்துவிட்டு, வேறொரு சொல்லோடு புதிய கேன்வாஸைத் தொடங்கலாம்.